இடது கையை நீட்டும் குழந்தைகள்: காக்ஸ் பஜார்ல எட்டு நாள்

ஜனவரி 14, 2024, ஞாயிறு. டாக்கா

பனிமூட்டத்துல விமானம் இறங்க முடியாம மேலயே முக்கால் மணி நேரம் சுத்துச்சு, அப்புறம் கொல்கத்தாவுக்கு திருப்பிட்டாங்க, அங்க ரெண்டரை மணி நேரம் உள்ளயே உக்கார வச்சு மறுபடி கெளம்பி டாக்கா வந்து சேரும்போது சாயங்காலம் நாலு ஆயிடுச்சு. பக்கத்து சீட்டு அம்மா சிகிச்சைக்கு சென்னை வந்துட்டு திரும்பறவங்க, பாதி பிஸ்கட் பாக்கெட்ட எனக்கு குடுத்துட்டாங்க. வாங்கலன்னா கோவப்படுவாங்க போல இருந்துச்சு, வாங்கிக்கிட்டேன்.

எதுக்கு வந்தேன்னு சொல்லிடறேன். திண்டுக்கல் பக்கம் கிராமங்கள்ல கைக்குழந்தை வச்சிருக்கற அம்மாமாரு கூட பன்னெண்டு வருசமா வேலை பாக்கறேன், ஆறு மாசத்துக்கு மேல என்ன ஊட்டணும், எப்படி ஊட்டணும், எடை ஏறலன்னா எங்க போகணும், இதுதான் வேலை. கூடப் படிச்ச தோழி ஒருத்தி இங்க வங்கதேசத்துல, காக்ஸ் பஜார் பக்கம், மியான்மர்ல இருந்து ஓடி வந்த ரோஹிங்யா அகதிங்க முகாம்கள்ல குழந்தைங்க ஊட்டச்சத்து வேலைல இருக்கா. எங்க தன்னார்வலர் பொண்ணுங்களோட ஒரு வாரம் இருந்துட்டுப் போடின்னு ரெண்டு வருசமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. இப்பதான் முடிஞ்சுது.

குளிர் இப்படி இருக்கும்னு நெனைக்கல. ஊர்ல இருந்து ஒரு மெலிசு ஸ்வெட்டரோட வந்துட்டேன், ஸ்டேஷன் வாசல்ல 350 டக்காவுக்கு ஒரு சால்வை வாங்கினேன் (நூறு டக்கான்னா நம்ம காசுக்கு சுமாரா 75 ரூபா). பக்கத்து டீக்கடைக்காரர் நான் நடுங்கறத பாத்துட்டு அடுப்பு பக்கம் இருந்த தன்னோட ஸ்டூல எடுத்துப் போட்டு உக்காரச் சொன்னாரு. பால் இல்லாத டீ, இஞ்சி தட்டிப் போட்டது, ரங் சான்னு பேரு. பழைய டாக்கால இன்னைக்கு பட்டம் விடுற திருவிழாவாம், சாக்ராயின்னு சொன்னாங்க. வண்டில வரும்போது மாடிங்களுக்கு மேல நாலஞ்சு பட்டம் மட்டும் கண்ணுல பட்டுச்சு.

ஜனவரி 15, திங்கள். ரயில்ல இருந்து காக்ஸ் பஜார்

இன்னைக்கு பொங்கல். காலைல ஆறு மணிக்கு அம்மாவுக்கு போன் போட்டா சிக்னல் விட்டு விட்டு வருது, பால் பொங்குச்சாம்மான்னு கேட்டதுக்கு பதில் வர்றதுக்குள்ள கட்டாயிடுச்சு. எதிர் சீட்டுல ஒரு குடும்பம், என் முகத்த பாத்து என்ன புரிஞ்சுக்கிட்டாங்களோ, தூக்கு டப்பாவ தொறந்து பிட்டா எடுத்து நீட்டினாங்க. புது அரிசி மாவு, தேங்கா, பேரீச்ச வெல்லம் வச்சு ஆவில வேக வச்சது, மார்கழி முடியறப்ப இங்க எல்லா வீட்டுலயும் செய்வாங்களாம். புது அரிசியும் வெல்லமும்தான், பொங்கல் சாப்பிட்ட மாதிரியே மனசு நெறஞ்சு போச்சு.

இந்த ரயில் பாதை போன நவம்பர்லதான் தொறந்தாங்க, காக்ஸ் பஜார் ஸ்டேஷன சிப்பி மாதிரி கட்டியிருக்காங்க, ஜனங்க இறங்கின உடனே அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறாங்க. 120 கிலோமீட்டர் நீள கடற்கரை இருக்கற ஊரு, தேனிலவுக்கு வர்ற ஊரு. இங்க இருந்து ஒண்ணரை மணி நேரம் தெக்க போனா குதுப்பாலோங், நான் போக வேண்டிய முகாம்.

ஆனா இன்னைக்கு போக முடியல. முகாமுக்குள்ள நுழைய அனுமதிச் சீட்டு வேணும், என் பாஸ்போர்ட் நம்பர்ல ஒரு இலக்கத்த யாரோ தப்பா டைப் பண்ணிட்டாங்க, திருத்தி வாங்க நாளைக்கு சாயங்காலம் ஆகும்னுட்டாங்க. இருக்கறதே எட்டு நாள், அதுல ரெண்டு நாள் ஒரு நம்பருக்காக போச்சுன்னா எரிச்சலா வராது?

மத்தியானம் சோறும் பர்த்தாவும். உருளைக்கிழங்கு பர்த்தா, கத்திரிக்கா பர்த்தா, கருவாட்டுல ஒரு பர்த்தா, கடுகெண்ணெயும் பச்சமொளகாயும் போட்டு பெசஞ்சது, மூக்குல தண்ணி வந்துடுச்சு. எல்லாம் சேத்து 220 டக்கா. கல்லால இருந்தவர் எந்த ஊருன்னு கேட்டாரு, இந்தியான்னதும் ஒடனே வெங்காயத்தப் பத்திதான் ஆரம்பிச்சாரு. போன மாசம் நம்ம அரசாங்கம் வெங்காய ஏற்றுமதிய நிறுத்துச்சில்ல, அதுல இங்க ஒரே ராத்திரில கிலோ 200 டக்காவுக்கு மேல போயிடுச்சாம். கோவமா சொல்லல, உங்க ஊர்ல மழை சரியா இல்லையான்னு விசாரிச்சாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அங்க ஒரு உத்தரவு போட்டா இங்க ஒரு தட்டுல வெங்காயம் கொறையுது.

ஜனவரி 16, செவ்வாய். காக்ஸ் பஜார்

நாள் பூரா காத்திருப்பு. தோழி ஆபீஸ்ல உக்காந்து அவகிட்ட ரேஷன் கணக்கு கேட்டு எழுதிக்கிட்டேன், இது தெரிஞ்சாதான் மத்தது புரியும்.

2017 ஆகஸ்ட் 25க்கு அப்புறம் மியான்மர்ல ராக்கைன்ல இருந்து ராணுவத்துக்கு பயந்து ஓடி வந்தவங்க ஏழு லட்சத்துக்கு மேல, அதுல பாதிக்கு மேல குழந்தைங்க. முன்னாடியே வந்திருந்தவங்களையும் சேத்தா இப்ப பத்து லட்சம் கிட்ட இருக்காங்க. 1982ல வந்த குடியுரிமைச் சட்டம் இவங்கள அந்த நாட்டுக்காரங்களே இல்லன்னு ஆக்கிடுச்சு, இங்கயும் சட்டப்படி வேலைக்கு போக முடியாது. அப்ப சாப்பாடு? உலக உணவுத் திட்டம் குடுக்கற கார்டு. ஆளுக்கு மாசம் 12 டாலர் அதுல ஏறும், முகாம் கடைல அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டைன்னு வாங்கிக்கலாம். 2023 மார்ச்ல நன்கொடை வரலன்னு அத 10 ஆக்கினாங்க, ஜூன்ல 8 ஆக்கினாங்க. இந்த ஜனவரி ஒண்ணாந்தேதிதான் மறுபடி 10. கூடவே செறிவூட்டின அரிசியும் கொஞ்சம் கொஞ்சமா சேக்கறாங்களாம், நம்ம ரேஷன்ல வர்றதே அதுதான்.

சாயங்காலம் மார்க்கெட்டுக்கு போய் விலை கேட்டேன். முட்டை இங்க நாலு நாலா விக்கறாங்க, நாலுக்கு ஹாலின்னு பேரு, ஹாலி 46 டக்கா. 10 டாலர மாசத்துக்கு பிரிச்சா ஆளுக்கு ஒரு நாளைக்கு 36 டக்கா வருது. மூணு முட்டை. சோறு, எண்ணெய், பருப்பு, மொளகா, காய் எல்லாமே அந்த மூணு முட்டை காசுக்குள்ள. எட்டு டாலரா இருந்த ஏழு மாசம் எப்படி ஓட்டினாங்கன்னு ரூமுக்கு வந்து திரும்பத் திரும்ப கணக்கு போட்டேன், எனக்கு வரல.

ஏழு மணிக்கு அனுமதி வந்துச்சு.

ஜனவரி 17, புதன். முகாம்

காலைல ஏழுக்கே கெளம்பிட்டோம். உக்கியா தாண்டினதும் ரோட்டோரம் மூங்கில் கட்டு கட்டா அடுக்கி வச்சிருக்கு, சோதனைச் சாவடி, கம்பி வேலி, அதுக்கு அந்தப் பக்கம் மேடு மேடா, எல்லா மேட்டுலயும் தார்ப்பாய் கூரைங்க. பதிமூணு சதுர கிலோமீட்டர்ல ஆறு லட்சம் பேருக்கு மேலன்னு படிச்சிருக்கேன், ஆனா ரெண்டு வீட்டுக்கு நடுவுல தோள ஒருக்களிச்சு நடக்கறப்பதான் அந்த நம்பர் ஒடம்புல புரியுது. உள்ள எங்கயும் சிமெண்ட் வீடு கட்டக் கூடாது, மூங்கிலும் தார்ப்பாயும்தான், ஏறி எறங்க மண் மூட்டை படிங்க. 2018க்கு அப்புறம் கேஸ் சிலிண்டர் குடுத்ததால வெறகுக்கு காட்ட வெட்டறது கொறஞ்சு மறுபடி பச்சை வந்திருக்குன்னு தோழி காமிச்சா.

ஊட்டச்சத்து மையம் ஒரு நீளமான மூங்கில் கொட்டகை. வாசல்ல செருப்புக் குவியல், உள்ள எடை மெஷின், ஒயரப் பலகை, பாயில அம்மாமாரு. கன்னத்துல தனக்கா, அதான் மரப்பட்டைய அரைச்சு எடுக்கற பூச்சு, பூசின பொண்ணுங்க. கைக்குழந்தைங்களுக்கு நெத்தில பெருசா கருப்பு மை, நம்ம ஊர் திருஷ்டிப் பொட்டேதான், அத பாத்ததும் அதுவரைக்கும் இருந்த பதட்டம் போயிடுச்சு.

எனக்கு கூட வந்த தன்னார்வலர் பொண்ணுக்கு இருவது வயசு, பதிமூணு வயசுல எல்லை தாண்டி வந்த பொண்ணு. முகாம்லயே வளந்து இப்ப நூத்தம்பது வீட்டுக்கு பொறுப்பு. என்ன ஆபான்னு, அதாவது அக்கான்னு, கூப்பிடுது. ஹிந்தி கொஞ்சம் தெரியுது, எனக்கும் கொஞ்சம்தான் தெரியும், ரெண்டு பேரும் அந்த கொஞ்சத்துலயே நாள் பூரா பேசினோம். அவங்க பாஷைல பானி ஃபானி ஆயிடுது, டீ சா ஆயிடுது.

அந்தப் பொண்ணோட வீடு வீடா போனேன். இத எழுதத்தான் இவ்ளோ நேரமா சுத்தி வர்றேன்னு நெனைக்கறேன். பொண்ணு பையில இருந்து மூவாக் டேப்ப எடுக்குது, அதான் மேல்கை சுத்தளவு பாக்கற அந்தக் காகிதப் பட்டை, பச்சை மஞ்சள் சிவப்பு போட்டிருக்கும், நம்ம அங்கன்வாடிலயும் உண்டு. பன்னெண்டரை சென்டிமீட்டருக்கு மேலன்னா பச்சை, பதினொன்னரைல இருந்து பன்னெண்டரை வரை மஞ்சள், பதினொன்னரைக்கு கீழ சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. எங்க ஊர்ல டேப்ப பாத்தா குழந்தைங்க அழும், அம்மா முந்தானைக்குள்ள ஒளியும், ஊசின்னு நெனைச்சுக்கும். இங்க டேப் வெளிய வந்ததும் மூணு வயசு, ரெண்டு வயசு பிள்ளைங்க வரிசையா வந்து இடது கைய நீட்டுது. இடது கைதான் அளக்கணும்னு அதுங்களுக்கு தெரிஞ்சிருக்கு. ஒரு பையன் சட்டைக் கைய அவனே மேல சுருட்டி விட்டுட்டு வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்கறான், ரேஷன் கடைல கைரேகை வைக்கற பெரியவங்க நிப்பாங்கல்ல அந்த மாதிரி. எனக்கு அங்க நிக்க முடியல, கொஞ்ச நேரம் வெளிய வந்து நின்னேன்.

மத்தியானம் மையத்துல ஒரு அம்மா, மடில பதினாறு மாசப் பொண்ணு, கையளவு 11.2. ரெண்டு பாதத்தையும் மூணு வினாடி அழுத்திப் பாத்தாங்க, குழி விழல, வீக்கம் இல்ல. அடுத்து பசி சோதனை. வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் அரைச்ச பசை ஒரு சின்ன பாக்கெட்டுல வருது, 92 கிராம், 500 கலோரி, தண்ணி சேக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். குழந்தை அத வாங்கி சாப்பிட்டா வீட்டுல வச்சே சரி பண்ணிடலாம், சாப்பிடலன்னா உள்நோயாளியா சேக்கணும். இந்தப் பொண்ணு வாய தொறக்கவே இல்ல. அம்மா விரல்ல எடுத்து ஒதட்டுல வைக்கறாங்க, அது துப்புது. யாரும் அவசரப்படுத்தல. தண்ணி குடுத்தாங்க, ஓரமா போய் உக்காரச் சொன்னாங்க, பக்கத்துல இன்னொரு குழந்தை சாப்பிடறத பாக்கற மாதிரி உக்கார வச்சாங்க. முக்கா மணி நேரம் கழிச்சு அந்தப் பொண்ணு தானா விரல நக்குச்சு. அந்த அம்மா மொகத்துல வந்தத என்னால எழுத முடியல.

கார்ட வாங்கிப் பாத்தேன். போன ஏப்ரல்ல எட்டு மாசக் குழந்தையா சேந்திருக்கு, மே கடைசில 12.6 வந்து குணமாச்சுன்னு அனுப்பியிருக்காங்க. அப்புறம் மழைக்காலம், ரெண்டு தடவ பேதி, வீட்டுல எட்டு டாலர் ரேஷன். இப்ப மறுபடி 11.2. ஒரு குழந்தைய வச்சு காரணம் சொல்லிடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா 2023 கடைசில எடுத்த கணக்குல முகாம் குழந்தைங்கள்ல 15.1 சதவீதம் பேருக்கு தீவிர ஊட்டச்சத்துக் குறைவு, 15 தாண்டினாலே நெருக்கடின்னு உலக சுகாதார நிறுவனத்தோட அளவுகோல், 2017க்கு அப்புறம் இதுதான் அதிகம். எங்கயோ ஒரு ஊர்ல பட்ஜெட்ல ரெண்டு டாலர வெட்டறாங்க, அது இங்க மில்லிமீட்டர் மில்லிமீட்டரா ஒரு பிள்ளை கைல எறங்குது. பசைய குடுத்து ரெண்டு மாசத்துல ஏத்திடலாம், ஏத்தினத வீட்டுச் சோறுதானே நிறுத்தி வைக்கணும்?

நாலு மணிக்குள்ள எல்லாரும் வெளிய வந்துடணும். இருட்டினதுக்கப்புறம் உள்ள துப்பாக்கி வச்சிருக்கற கும்பலுங்க ராஜ்ஜியம், அந்தப் பொண்ணு பகல்ல சிரிச்சுப் பேசினது ராத்திரி பத்தி கேட்டப்ப மட்டும் வாய மூடிக்கிச்சு.

ஜனவரி 18, வியாழன். அஞ்சாம் நம்பர் முகாம்

பதினோரு நாளுக்கு முன்னாடி, 7ந்தேதி அதிகாலைல இங்க தீ புடிச்சுது. கிட்டத்தட்ட 800 வீடு போச்சு, ஏழாயிரம் பேர் நடுக்குளிர்ல வெளிய நின்னாங்க. உயிர்ச்சேதம் இல்ல. சாம்பல ஓரளவு வாரிட்டாங்க, ஆனா காத்து அடிக்கறப்ப உருகின பிளாஸ்டிக் வாசனை இன்னும் வருது. புதுத் தார்ப்பாய் பளபளன்னு இருக்கு, பச்சை மூங்கில் வாசனை, சுத்தியல் சத்தம் எல்லாப் பக்கமும்.

வீடு மட்டும் எரியல. ரேஷன் கார்டு, பிள்ளைங்களோட ஊட்டச்சத்து கார்டு, தடுப்பூசி அட்டை, எல்லாம் போச்சு. எந்தப் பிள்ளை எந்த வாரத்துல இருந்துச்சு, எத்தன பாக்கெட் வாங்கிச்சுன்னு வீட்டுல ஒரு தாளும் இல்ல. இந்த முகாம்ல பாக்கற ஒரு தன்னார்வலர் அம்மா, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், அவங்க வீடும் எரிஞ்சிருக்கு. ரெண்டாம் நாளே ஒரு நோட்டு கேட்டு வாங்கி, ஒரு மேட்டு மேல உக்காந்து நெனைவுல இருந்து எழுதியிருக்காங்க. இந்த வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க, ஒண்ணு மஞ்சள், ஒண்ணு சிவப்பு, அந்த வீட்டுல அஞ்சாவது வாரம். அப்புறம் மையத்து ரிஜிஸ்டரோட ஒப்பிட்டா அறுவத்தி ரெண்டு பேர்ல மூணே மூணுதான் தப்பு. அந்த நோட்ட எனக்கு காமிச்சாங்க. பர்மிய எழுத்துல இருந்துச்சு, ஒண்ணும் படிக்கத் தெரியாம தடவிப் பாத்துட்டு குடுத்தேன். நான் வந்து இவங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கறதுன்னு உண்மையாவே தோணுச்சு.

பக்கத்துலயே படிப்பு மையம் ஒண்ணும் எரிஞ்சிருக்கு, இப்ப தார்ப்பாய் போட்டு நடக்குது. நாங்க எட்டிப் பாத்ததும் பிள்ளைங்க எந்திரிச்சு மிங்கலாபான்னு பாடற மாதிரி வணக்கம் சொல்லுச்சுங்க. மியான்மர் பாடத்திட்டம்தான் இங்க. 2021 கடைசிலதான் அத ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி எந்த நாட்டுப் பாடமும் இல்லாம நாலு வருசம் போயிருக்கு. திரும்பிப் போற நாள்ல உதவும்னு பெத்தவங்க இத ரொம்ப விரும்பறாங்கன்னு வாத்தியார் சொன்னாரு. பெரிய பொண்ணுங்க கண்ணுல படல. வயசுக்கு வந்ததும் வீட்டோட நிறுத்திடறாங்க, அதனால பொண்ணுங்களுக்கு மட்டும் தனி வகுப்பு, கூட்டிட்டு வந்து கொண்டுபோய் விட ஒரு அம்மா, இப்படியெல்லாம் பண்ணித்தான் கொஞ்சப் பேர வர வைக்கறாங்களாம். எங்க ஊர்ல சைக்கிள் குடுத்துப் பொண்ணுங்கள பள்ளிக்கூடத்துல நிறுத்தி வச்சது ஞாபகம் வந்துச்சு, இங்க சைக்கிள் ஓட்ட ரோடும் இல்ல.

ஜனவரி 19, வெள்ளி. காக்ஸ் பஜார்

லீவு. கடற்கரைல நடந்தேன். வவ்வால் மீன் வறுவல் 450 டக்கா சொன்னாங்க, கேட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். செவ்வாய்க்கிழமை அந்தக் கணக்கு போட்டதுக்கப்புறம் மெனு கார்ட பாத்தாலே மூணு முட்டையால வகுக்கறேன்.

ஜனவரி 20, சனி

வயித்தால போய் படுத்துட்டேன். விடுதில வேலை பாக்கற பையன் கேக்காமலே ஜாவ் கொண்டு வந்து வச்சான், கொழைய வேக வச்ச அரிசி, உப்பு, ஒரு எலுமிச்சம்பழத் துண்டு. நம்ம கஞ்சியேதான். காசு குடுத்தப்ப வாங்கல, உடம்பு சரியில்லாதவங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு அவங்க அம்மா சொல்லுவாங்களாம்.

ஜனவரி 21, ஞாயிறு. முகாம், கடைசி நாள்

அம்மாமாரு கூட்டம். நான் ஊர்ல இருந்து சத்துமாவு செய்முறைய தயார் பண்ணிக்கிட்டு வந்திருந்தேன். கேழ்வரகு இங்க கெடையாது, கம்பு கெடையாது, வெல்லம் ரேஷன்ல வராது. நோட்ட மூடி வச்சுட்டு, நீங்க என்ன குடுக்கறீங்கன்னு கேட்டேன். ஒரு பாட்டி எந்திரிச்சு வந்து செஞ்சே காமிச்சாங்க. சோத்த நல்லா கொழைய விட்டு, பருப்பு போட்டு, சுட்ட கருவாட்ட முள்ளு எடுத்து ஒரல்ல இடிச்சு பொடியாக்கி ஒரு சிட்டிகை, ரெண்டு சொட்டு எண்ணெய், வீட்டுக் கூரைல படர்ந்திருக்கற பூசணிக் கொடில இருந்து ரெண்டு தளிர். நான் சேத்ததெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான்: இன்னும் கெட்டியா இருக்கட்டும், கரண்டிய சாச்சா வழியக் கூடாது, பிள்ளை வயிறு சின்னது, தண்ணியால ரொப்பிடாதீங்க. பாட்டி கரண்டிய சாச்சு சாச்சுப் பாத்துட்டு தலையாட்டினாங்க, அத அவங்களே மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. பொட்டலத்துல இருந்து வெத்தலை எடுத்து எனக்கும் ஒண்ணு மடிச்சுக் குடுத்தாங்க, சுண்ணாம்பு ஜாஸ்தி, நாக்கு வெந்துடுச்சு.

கூட்டம் முடிஞ்சு புதன்கிழமை பாத்த அந்தப் பதினாறு மாசப் பொண்ணு வீட்டுக்கு போனோம். நாலு நாள்ல கையளவு ஒண்ணும் ஏறாது, அதுக்காக போகல, பாக்கெட்ட யாரு சாப்பிடறாங்கன்னு பாக்கத்தான். வீட்டுல இன்னும் மூணு பிள்ளைங்க இருக்கு. வேர்க்கடலைய இங்க பாதாம்னு சொல்றாங்க, இனிப்பா இருக்கற பாதாம் பசைய ஒரு பிள்ளைக்கு மட்டும் குடுன்னா பசியோட இருக்கற மத்த மூணும் பாத்துக்கிட்டு நிக்குமா? தன்னார்வலர் பொண்ணு அத திட்டல. காலி கவர எண்ணிச்சு, ரெண்டு கொறஞ்சுது, யாருக்குப் போச்சுன்னு கேக்கல. பெரிய பிள்ளைகிட்ட, தங்கச்சிக்கு ஊட்டற வேலைய நீ செய்யறியான்னு கேட்டுச்சு. அதுக்கு ஆறு வயசு இருக்கும். சரின்னுச்சு.

அம்மா, 10 டாலர் அடுத்த மாசமும் இருக்குமான்னு கேட்டாங்க. மூணு பாஷை தாண்டி அந்தக் கேள்வி என்கிட்ட வந்துச்சு. தெரியலம்மான்னு நான் தமிழ்லதான் சொன்னேன், அந்தப் பொண்ணு ஒண்ணும் மொழிபெயர்க்கல, அந்த அம்மாவுக்கு புரிஞ்சிடுச்சு.

கெளம்பறப்ப தன்னார்வலர் பொண்ணு குழந்தையோட கார்டுல அடுத்த தேதிய எழுதுச்சு, ஜனவரி 28, ஞாயிறு. அந்த அம்மாவுக்கு படிக்கத் தெரியாது, அதனால விரல மடக்கி ஏழு எண்ணிச்சு, அந்த அம்மாவும் கூடவே எண்ணினாங்க, ஆறு வயசுப் பிள்ளையும் எண்ணுச்சு. வெளிய வண்டிக்காரர் ஹார்ன் அடிச்சுட்டாரு, மணி நாலாகப் போவுது.